ஒரு குடம் ஏரி

புளியின் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்ன இரும்புத் தடியால் நடுவயிற்றில் ஒரு தட்டு தட்டினால் கொட்டை துள்ளி வெளியே விழும், அதை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும், காலையிலிருந்து என் கைகளுக்கு இதுதான் வேலை, பக்கத்தில் என் மகள் கோபிகா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கை ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்கு வாய் திறக்கும், சும்மா உட்காரவைத்துப் பேசச் சொன்னால் அஞ்சாம் வகுப்பில் டீச்சர் எழுப்பிவிட்ட மாதிரி நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் நான் படிக்கவும் இல்லை.

எங்கள் ஊர் நரியேந்தலுக்கு ஒரு நாடு வந்தது. போன ஐப்பசியில், மழை வரவேண்டிய மாதத்தில், மழை வராமல் நாடு வந்தது. ஊருக்கு மேற்கே சீமைக்கருவேலங்காட்டுக்கு, விறகை வெட்டி மலைபோல அடுக்கி எரித்துக் கரிமூட்டம் போடப் போன என் வீட்டுக்காரர் கருமலையான் அரிவாளும் கையுமாகத் திரும்பி வந்து, "காட்டக் காணோம் புள்ள, அங்கிட்டு ஒரு நாடு கெடக்கு" என்றார். "அப்ப இன்னைக்கு வேல இல்லையா?" என்று கேட்டேன். "இல்ல" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் அட்லஸை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது என்னவென்றால், அது ரொம்பச் சின்ன நாடு, புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்கிற மடிப்புக்குள், கம்பிப் பின் அடிக்கிற இடத்தில் இருந்திருக்கிறது, அதனால் உலகத்தில் யார் கண்ணிலும் படவில்லை, மூன்று ஏரியும் ஏழு மலையும் வைத்துக்கொண்டு, கரையைக் கூட்டிப் பெருக்கி, படகுக்குச் சாயம் அடித்து, யாராவது சுற்றிப் பார்க்க வருவார்கள் வருவார்கள் என்று அந்த ஜனங்கள் எத்தனையோ தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள், ஒருத்தரும் வரவில்லை, கடைசியில் யாரும் வரவில்லையே என்று அதுவே கிளம்பி வந்துவிட்டது. ஏன் எங்கள் ஊருக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை, எங்கள் ஊருக்கு வருகிறவர்களே குறைச்சல், வந்தவர்களைப் பார்த்து எதுக்கு வந்தீர்கள் என்று கேட்பது மரியாதையும் இல்லை.

கிராம நிர்வாக அதிகாரி வந்து சங்கிலி பிடித்து அளந்தார். வெளியே பதினாலு ஏக்கர்தான் வந்தது, ஆனால் உள்ளே போனவர்கள் காலையில் நடக்க ஆரம்பித்தால் பொழுது சாயத்தான் மறுகரை வந்தார்கள், அதை எந்தப் பாரத்தில் எழுதுவது என்று தெரியாமல் அவர் இரண்டு நாள் மண்டையைச் சொறிந்துவிட்டு, புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டு போனார். ஷேர் ஆட்டோக்காரர்கள் "நாட்டுக்கு நாட்டுக்கு, ரெண்டு சீட்டு இருக்கு நாட்டுக்கு" என்று கத்த ஆரம்பித்தார்கள். மூணாவது வாரம் நாட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடையும் ஒரு வடைச்சட்டியும் வந்துவிட்டன, அதற்கப்புறம் அது எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் சும்மா பார்க்கப் போவது எப்படி என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பினால் கல்யாணத்துக்குக் கிளம்புவோம், எழவுக்குக் கிளம்புவோம், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளம்புவோம், ஒரு மலை நிற்கிறது என்பதற்காக அதன் முன்னால் போய் நிற்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. நாட்டு வாசலில் பெரிய குடை நட்டு, மேசை போட்டு, ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே போகிறவர் புறங்கையில் பச்சை மையால் ஒரு முத்திரை, வெளியே வருகிறவருக்குச் சிவப்பில் ஒரு முத்திரை, அதனால் அவர்கள் பெயர் முத்திரையம்மா ஆகிவிட்டது, வரிசையில் நின்றவர்கள் பேச்சைக் கேட்டே பத்து நாளில் தமிழ் பேசினார்கள், அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். அதற்கப்புறம்தான் நான் முதல் தடவை போனேன், என்னையும் பிள்ளையையும் கூட்டிப்போனது மாரிக்கண்ணு மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தது.

"எதுக்கு வந்துருக்கீக ஆத்தா?" என்று முத்திரையம்மா கேட்டார்கள்.

மதினி என்னைப் பார்த்தது, நான் தரையைப் பார்த்தேன். "சும்மா... ஏரி பாக்க, மல பாக்க" என்று மதினி ஏதோ திருடப் போகிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னது. அதைக் கேட்டதும் அந்த அம்மா எழுந்து நின்று, நெஞ்சில் கையை வைத்து, கண் கலங்கிப் போய், "பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார்கள். எத்தனை தலைமுறை காத்திருந்த வார்த்தையோ அது, நாங்கள் என்னத்தைக் கண்டோம்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயசு, ஒரு வார்த்தை பேசினதில்லை. காது நன்றாகக் கேட்கும், கூப்பிட்டால் வருவாள், சொன்ன வேலையைச் செய்வாள், மதுரையில் காட்டினோம், எல்லாம் சரியாத்தான் இருக்கு, வர்றப்ப வரும் என்றார்கள், நாக்கில் வசம்பு தேய்த்தோம், கோயிலில் மணி வாங்கிக் கட்டினோம், வரவில்லை. நான் பேசாததால்தான் பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டது எனக்கும் தெரியும், அதைக் கேட்டு நான் இன்னும் பேசாமல் போனேன்.

பெரிய ஏரிக்கரைக்குப் போனோம். குளிர் முதுகில் ஏறியது. தண்ணீர் அந்தக் கடைசி வரைக்கும் கிடந்தது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஏழு மலை, தலையெல்லாம் வெள்ளை, எங்கள் சீமையில் கரிமூட்டத்தைவிட உசரமாக எதையும் நான் பார்த்ததில்லை, புது ஆம்பளை முன்னால் நிற்கிற மாதிரி எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். கோபிகா என் கையை உதறிவிட்டுக் கரைக்கு ஓடி, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஓய்!" என்றாள். மலை "ஓய்" என்றது. எங்கள் பக்கம் தட்டையான பூமி, போட்ட சத்தம் போட்டதுதான், எதுவும் திருப்பிக் கொடுக்காது. பிள்ளை திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, அது என்னைய மாதிரியே பேசுது" என்றாள்.

அதற்கப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் வாய் மூடவில்லை. ஆறு வருசமாகப் பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் அடுக்கு அடுக்காக வைத்திருந்திருக்கிறாள், கிடாய் வெட்டுக்குக் கட்டிப்போட்ட ஆடு அழுதது, மாமன் வீட்டில் தனக்கு மட்டும் பணியாரம் தராதது, நான் அடுப்படியில் தனியாக இருக்கும்போது முனகிக்கொள்கிற பாட்டு, எல்லாம் என் மாதிரியே இழுத்து இழுத்துச் சொன்னாள். "ஏம்மா, அப்பா பேசுறப்ப நீ ஏன் அடுப்பையே பாக்குற?" என்று கேட்டாள். மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஆத்தாளுக்கும் சேத்துல்லடி பேசுறா ஒம்மக. ஒன்னைய ஒருநா இங்க தலகீழாத் தூக்கி ஒலுக்கணும், எம்புட்டு உதிருதுன்னு பாப்போம்."

வெளியே வரும்போது முத்திரையம்மா சிவப்பு முத்திரை குத்தினார்கள். மேசையைத் தாண்டியதும் கோபிகா பாதிப் பேச்சில் நின்றுபோனாள், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆக அவள் பேச்சு அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது, பரவாயில்லை, நடந்து போகிற தூரம்தானே என்றார்கள், சிலருக்குக் கடலோரத்தில்தான் பசி எடுக்கும் என்பது மாதிரி அதையும் சேர்த்துப் பேசிப் பழகிக்கொண்டார்கள். நான் தினமும் அவளைக் கூட்டிப்போனேன்.

தப்பு நடந்தது இப்படித்தான். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் தள்ளுவண்டியில் ஆறு குடம் அடுக்கி, இரண்டு மைல் தள்ளிப்போய், ஆற்று மணலில் ஆள் உசரத்துக்குத் தோண்டின ஊற்றில் இறங்கி, சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பி, தள்ளிக்கொண்டு திரும்புகிறவர்கள். எங்கள் கைக்குத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பத் தெரியாது. நாங்கள் போக ஆரம்பித்த இரண்டாம் வாரம் மதினிதான் இடுப்பில் ஒரு குடத்தோடு போய், "போறதே போறோம், ஒரு கொடம் எடுத்துக்கிறவா?" என்று கேட்டது. தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை, எங்கள் வழக்கமும் அதுதான். முத்திரையம்மா தலையைத் தாழ்த்தி, "எடுத்துக்கங்க ஆத்தா" என்றார்கள்.

ஒரு குடம் ஆறு குடமானது, ஆறு குடம் வண்டி வண்டியானது, பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள், எதுக்கு வந்துருக்கீக என்று கேட்டால் எல்லாரும் ஏரி பாக்க மல பாக்க என்றுதான் சொன்னார்கள், ஏரியையும் யாரும் பார்க்கவில்லை, மலையையும் யாரும் பார்க்கவில்லை, குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்களைச் சொல்லி என்ன, தினமும் போனவள் நான், ஊரில் எல்லாரையும்விட அதிகமாக மொண்டவளும் நான், வண்டியின் முன்னால் கோபிகாவை உட்காரவைத்துப் பேசவிட்டுக்கொண்டே, அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மொண்டேன்.

மார்கழியில் சின்ன ஏரி வற்றியது. மாசியில் நடு ஏரி. ஏழு மலையில் மூன்றைக் காணோம், மிச்சம் நாலும் பனை உசரத்துக்கு வந்துவிட்டன. நான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு முத்திரையம்மாவை நிமிர்ந்து பார்த்தேன், கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். "எங்க மலைக்கு வேரு மண்ணுல இல்ல ஆத்தா, தண்ணிக்குள்ள விழுகுற நெழல்லதான் இருக்கு. நெழலுக்கு எடம் கொறஞ்சா மல என்ன செய்யும்?"

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். என் வாழ்க்கையில் வெளியாளிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு.

"விருந்தாளிக கிட்டயா?" என்று கேட்டார்கள்.

அந்த நாட்டு ஜனங்கள் பாயும் சட்டியும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக வந்து சிவப்பு முத்திரை குத்திக்கொண்டு, ரோட்டில் மதுரை பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிப் போனார்கள், கண்டக்டர்கள் பழகின மாதிரி டிக்கெட் கிழித்தார்கள். மலை குறையக் குறைய கோபிகா போட்ட சத்தம் திரும்பி வர நேரமானது, திரும்பின சத்தமும் தேய்ந்து வந்தது, அவள் பேச்சும் அப்படியே தேய்ந்தது, நீளநீளமாகப் பேசினவள் நாலு வார்த்தை, மூணு வார்த்தை என்று நிறுத்தினாள்.

காளியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தண்ணீரை யார் எப்போது எடுப்பது என்பதுதான் பேச்சு. வீட்டுக்கு ஒரு குடம் போதும், மிச்சம் கிடக்கட்டும் என்று சொல்ல நினைத்துத்தான் போனேன், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "பொம்பளைக யாருக்கும் சொல்றதுக்கு இருக்கா?" என்று தலைவர் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். நூறு முகம் திரும்பியது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, சொல்லு புள்ள, சொல்லு என்றுதான் இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒருவர், சண்டைக்காகச் சொல்லவில்லை, அவர் வீட்டிலும் கைப்பிள்ளை இருக்கிறது, "ஒம்புள்ள பேசணும்னா எம்புள்ள நாக்கு வறண்டு கெடக்கணுமா ஆத்தா?" என்றார். எனக்கு அந்தப் பிள்ளையின் நாக்கும் தெரிந்தது, என் பிள்ளையின் நாக்கும் தெரிந்தது, என் நாக்குதான் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒண்ணுமில்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். தெருவுக்கு ஒருநாள் முறை என்று முடிவானது, முறை வந்த தெரு டிரம்மு, அண்டா, தொட்டி எல்லாவற்றையும் நிரப்பியது, முறை வராத நாளுக்கும் சேர்த்து நிரப்பியது, பங்குனி முடிவதற்குள் பெரிய ஏரியும் தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது.

அந்தக் கடைசிக் குடத்தை எடுத்தவள் நான். எனக்கு என்ன தோன்றியதென்றால், விட்டுவைத்தால் வேறு யாராவது எடுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள், நான் எடுத்தால் வீட்டில் வைத்துக் காப்பாற்றலாம், பிள்ளைக்குப் பேச ஒரு இடம் இருக்கும். சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தேன். குடம் நிறைந்தபோது, முழங்கால் உசரத்துக்கு மிச்சமிருந்த கடைசி மலை, கிழட்டு மாடு காலை மடக்கிப் படுப்பது மாதிரி மெதுவாகப் படுத்து மண்ணோடு மண்ணானது. சுற்றிச் சீமைக்கருவேலங்காடு நின்றது, நடுவில் ஒரு குடை, ஒரு மேசை, முத்திரையம்மா. அவர்கள் என் கையைப் பிடித்து, எப்போதும் போல, கோணாமல், சிவப்பு முத்திரை குத்தினார்கள்.

குடத்தை வீட்டு மூலையில் தட்டுப் போட்டு மூடிவைத்தேன். கோபிகா அதன் பக்கத்தில் குந்தி, தட்டை நகர்த்தி, முகத்தைக் குடத்தின் வாய்க்குள் வைத்து, "அம்மா" என்றாள். உள்ளே இருந்து அம்மா என்று வந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஆனால் அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் குடத்தில் ஒரு மடக்குக் குறைந்தது. முதல் வாரம் எங்களுக்குத் தெரியவில்லை, ஆசையாகப் பேச்சுக் கொடுத்தோம், என்ன சாப்பிட்டே, யாரு அடிச்சா, அப்பா பேரு என்ன, தெரிந்ததையெல்லாம் கேட்டோம், மதினி வந்து "அத்தைனு சொல்லுடி, ஒரே ஒருக்க" என்று கெஞ்சி அதையும் வாங்கிக்கொண்டு போனது. தெரிந்தபோது அரைக்குடம்தான் இருந்தது. பிள்ளை எங்களுக்கு முன்னால் புரிந்துகொண்டாள், சேர்த்துவைத்து நாளைக்கு ஒரு வார்த்தை, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. அடியில் ஒன்றரைச் சொம்பு மிஞ்சினபோது நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "இதுவும் தீந்துட்டா என்னடி செய்வ?" என்று கேட்டேன். அவள் எழுந்து போய்க் குடத்துக்குள், "நீ பேசும்மா. நாங் கேக்குறேன்" என்றாள். அது இருபது நாளைக்கு முன்னால். அதற்கப்புறம் அவள் குடத்தைத் தொடவில்லை, நான்தான் அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஆரம்பிக்கிறேன், தெரிந்தது தெரியாதது எல்லாம் சொல்கிறேன், மதினி என்னைப் பார்த்து "இவளுக்குப் பேய் கீய் புடிச்சிருச்சா" என்கிறது.

முத்திரையம்மா மதுரை பஸ் ஏறவில்லை. உள்ளே வந்தவர்கள் எல்லாரும் வெளியே போன பிறகுதான் தான் போகமுடியும் என்றும், பச்சை முத்திரை வாங்கிச் சிவப்பு முத்திரை வாங்காத ஏதோ ஒன்று இன்னும் இருக்கிறது என்றும் கோபிகாவின் வாயைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு அந்தக் குடைக்குக் கீழேயே இருக்கிறார்கள். ஊர் கூடி, வீட்டுக்கு ஒருநாள் அவர்களுக்குச் சோறு தண்ணி கொடுப்பது என்று முறை வைத்தார்கள், ஒரு நாட்டையே குடித்த ஊர் அதைக்கூடச் செய்யாமல் இருக்குமா. இன்றைக்கு எங்கள் வீட்டு முறை.

தண்ணி லாரி வந்து பதினோரு நாளாகிறது. ஊற்றில் ஈரமண் வருகிறது, தண்ணீர் வரவில்லை, நிரப்பிவைத்த அண்டாவும் தொட்டியும் காய்ந்துவிட்டன, எங்கள் வீட்டிலும் அந்த மூலைக்குடத்தைத் தவிர ஒரு சொட்டு இல்லை. நேற்று முறை வீட்டில் சோறு போட்டார்கள், குடிக்க ஒன்றும் இல்லை, அந்த அம்மா கேட்கவும் இல்லை, நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்களாம்.

காலையில் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்ம வாசல்ல வந்து நின்னவுகளுக்குத் தண்ணி இல்லன்னு யாரும் சொன்னதில்ல புள்ள" என்றார்.

"அது தண்ணி இல்லங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, மூலையைப் பார்க்காமல், பிள்ளையையும் பார்க்காமல் போனார்.

மதினி வந்து வேறு மாதிரிச் சொன்னது. "வெறகுக்குப் பின்னால ஒளிச்சு வையிடி. கேட்டா இல்லன்னு சொல்லு. அந்தம்மா கேட்டவுகளுக்கெல்லாம் குடுத்து என்னத்தக் கண்டுச்சு, தரையில குடைய நட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கு." சொல்லிவிட்டு அதுவே ஒரு நிமிசம் நின்று, "ஆனா அது அவுக தண்ணிதான், இல்லையா" என்றது. நான் குடத்தை விறகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். பிறகு எடுத்து மூலையிலேயே வைத்தேன். பிறகு ஒரு சொம்பை மண் போட்டுத் தேய்த்துத் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கோபிகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் இப்போது உச்சிக்கு வந்துவிட்டது. தெரு முனையில் குடை தெரிந்தது, நடந்து வருகிற நடையைப் பார்த்தால் காற்றில் பேப்பர் வருகிற மாதிரி இருக்கிறது, நான் பார்க்காத மாதிரி குனிந்து தட்டிக்கொண்டிருக்கிறேன், காலடிச் சத்தம் வேலியைத் தாண்டிவிட்டது, வாசலில் நின்றுவிட்டது. "பூமயிலு... ஆத்தா... இருக்கியா?" என்று கூப்பிடுகிறார்கள், உதடு ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, பிள்ளை என் முகத்தையே பார்க்கிறாள், "இந்தா வந்துட்டேம்மா" என்று வாசலைப் பார்த்துச் சொல்கிறேன், குடத்தைச் சாய்த்துப் பார்த்தால் நிறைச்சு ஒரு சொம்பு தேறும், முழுசையும் கொடுத்தால் இவளுக்கு ஒன்றும் இல்லை, கொடுக்காவிட்டால் அவர்கள் இந்த வாசலிலேயே விழுந்துவிடுவார்கள், பாதியை மட்டும் சொம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு மீதியை இவளுக்கு வைக்கிறேன், அதுவும் தீர்ந்தால் இவளுக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன்.